ஃபெரிட்டின் கூடினால் இரும்பு கூடிவிட்டது என்று அர்த்தமா?



நம்முடைய ஏழை நோயாளர் நிதிக்குப் பல ஆண்டுகளாகத் தவறாமல் காணிக்கை அனுப்பிவரும் ஆசிரியர் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன்பு எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு வயது 52. உடம்பில் எந்தக் குறையும் தெரியாத நிலையில், முழு உடல் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டார். திரும்பி வந்த தாளில் ஓர் எண்ணுக்கு எதிரே மட்டும் நட்சத்திரக் குறி இருந்தது: ஃபெரிட்டின், ஒரு மில்லி லிட்டருக்கு 640 நானோகிராம். 300-க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. தாளைக் கொடுத்தவர், "உங்களுக்கு இரும்புச் சத்து அதிகம் சார், ஜாக்கிரதையாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்கேன் அறிக்கையில் "ஈரலில் கொழுப்பு" என்று எழுதியிருந்த வரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் முருங்கைக்கீரை நின்றது. பேரீச்சம்பழம் நின்றது. இரும்பு தோசைக்கல் பரணுக்குப் போயிற்று. ஆலயத்தில் நடந்த இரத்த தான முகாமில் நம் நண்பர் முதல் ஆளாகப் போய்ப் படுத்தார். இவற்றோடு இன்னொரு காரியமும் செய்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனைவிக்குக் கொடுத்திருந்த இரும்பு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். "ஒரே வீடு, ஒரே சமையல். எனக்குக் கூடியது அவளுக்கும் கூடியிருக்குமே என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தார். மனைவிக்கும் ஃபெரிட்டின் பார்த்திருந்தார்கள். அது 48. தாளின்படி அது சரியான அளவு. ஆகவே மாத்திரை தேவையில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஆனால் அந்த அம்மாள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும், பாட்டில் இரண்டு அடிகளுக்கு மேல் குரல் நிற்பதில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நண்பர் எங்களிடம் கேட்டிருந்தது வேறு: "இரும்பைக் குறைக்க நான் எத்தனை முறை இரத்தம் கொடுக்க வேண்டும்?"

இருவரையும் உடனே புறப்பட்டு வரும்படி பதில் எழுதினோம். பரிசோதனைக் கூடங்கள் பெருகிவிட்ட இந்நாட்களில் இதே எண்ணோடு கலங்கி நிற்கிறவர்கள் அநேகர் இருப்பார்கள் என்பதால், அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறோம். பெயரைக் குறிப்பிடாமல் எழுத அவர்கள் அன்போடு அனுமதி தந்திருக்கிறார்கள்.

நெல்லும் சாக்கும்

வளர்ந்த ஒருவருடைய சரீரத்தில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ஒரு சிறிய ஆணியின் எடை! இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் சிவப்பு அணுக்களில், மூச்சுக் காற்றைச் சுமக்கும் வேலையில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் சேமித்து வைக்கப்படுகிறது. உணவிலிருந்து நாள் ஒன்றுக்கு நாம் உறிஞ்சிக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. பழைய சிவப்பு அணுக்கள் உடைந்து அவற்றின் இரும்பு திரும்பத் திரும்பப் பயன்படுவதாலேயே இந்தச் சிறு வரவு போதுமானதாகிறது.

இரும்பு இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் கட்டுப்பாடின்றி அலையும் இரும்பு தீமை செய்யும். துருப்பிடிப்பது போன்ற ஒரு மாற்றத்தை அணுக்களுக்குள் உண்டாக்கி அவற்றைச் சேதப்படுத்தும். ஆகவே சரீரம் அதைப் பத்திரமாகக் கட்டி வைக்கிறது. அப்படிக் கட்டி வைக்கும் புரதத்தின் பெயரே ஃபெரிட்டின். 1937-ம் ஆண்டு லாஃப்பெர்கர் என்ற செக் நாட்டு விஞ்ஞானி குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். ஒரே ஒரு ஃபெரிட்டின் மூலக்கூறுக்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

நெற்களஞ்சியத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இரும்பு நெல் என்றால், ஃபெரிட்டின் சாக்கு. களஞ்சியம் ஈரல். 1972-ல் பிரிட்டனில் உள்ள கார்டிஃப் நகர ஆராய்ச்சியாளர்கள் இரத்தத்தில் மிகச் சிறிதளவு ஃபெரிட்டின் இருப்பதை அளக்கும் முறையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அன்று முதல் ஈரலில் ஊசி குத்தி எடுக்காமலேயே சேமிப்பை மதிப்பிட முடிந்தது. அமைதியான நாட்களில் தெருவில் கிடக்கும் சாக்குகளை எண்ணினால், களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருக்கும் என்று ஊகிக்கலாம் அல்லவா? அதுபோலத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பரிசோதனை எண்ணுவது சாக்குகளை. நெல்லை அல்ல. இரத்தத்தில் சுற்றும் ஃபெரிட்டினுக்குள் இரும்பு மிகக் குறைவாகவே இருக்கிறது. சரீரத்தில் காய்ச்சலோ, கிருமித் தொற்றோ, நாட்பட்ட அழற்சியோ இருந்தால் சாக்குகள் அதிகமாக உண்டாக்கப்படுகின்றன. ஈரலின் அணுக்கள் சேதமடைந்தால் உள்ளே இருந்த சாக்குகள் வெளியே சிதறுகின்றன. மதுபானமும் இந்த அளவை உயர்த்தும். அப்போதெல்லாம் தெருவில் சாக்குகள் குவிந்து கிடக்கும். களஞ்சியத்திலோ நெல் வழக்கமான அளவே இருக்கலாம். குறைவாகவும் இருக்கலாம்.

ஈரலில் கொழுப்பு ஏறும்போது

மதுவே அருந்தாதவர்களின் ஈரலிலும் கொழுப்புப் படிந்து, அழற்சியும் தழும்பும் உண்டாவதை 1980-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் டாக்டர் லுட்விக்கும் அவருடைய கூட்டாளிகளும் விவரித்து அதற்கு ஒரு பெயரிட்டார்கள். வயிற்றைச் சுற்றிச் சேரும் பருமன், சர்க்கரை வியாதி, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வரும் நோய் என்பதைக் காட்டும்படி 2023-ல் மருத்துவ சங்கங்கள் கூடி அதன் பெயரையே மாற்றின. நம் நாட்டில் இது அரிய வியாதி அல்ல. பல இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஈரலில் கொழுப்பு இருப்பதாகத் தெரியவந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு சர்க்கரை, இருதய நோய், புற்றுநோய் தடுப்புத் திட்டத்தோடு இதையும் சேர்த்தது.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஃபெரிட்டின் உயர்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்களில் இது அழற்சியும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமையும், ஈரல் அணுக்களின் சேதமும் சேர்ந்து எழுப்பும் அபாயக் குரல். இரும்பு மிகுதியால் வந்தது அல்ல.

ஆனாலும் இரும்புக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஈரல் ஹெப்சிடின் என்ற ஒரு சுரப்பை உண்டாக்குகிறது. 2000, 2001-ம் ஆண்டுகளில்தான் இது கண்டறியப்பட்டது. களஞ்சிய வாசலில் நிற்கும் காவற்காரன் என்று இதைச் சொல்லலாம். ஹெப்சிடின் கூடினால் அணுக்களிலிருந்து இரும்பு வெளியே போகும் கதவு அடைபடுகிறது. ஈரல் கொழுப்பும் அழற்சியும் உள்ள பலரிடத்தில் இந்தக் காவற்காரன் கதவைச் சற்று அதிகமாகவே அடைத்துவிடுகிறான். ஆகவே சிலருக்கு ஈரலில் இரும்பு கொஞ்சம் தேங்கி நிற்கிறது. 1997-ல் பிரான்சின் ரென் நகர மருத்துவர்கள் இந்நிலையை ஒரு தனி நோய்க்குறித் தொகுப்பாக எழுதினார்கள். அந்தத் தேக்கம் பெரும்பாலும் சிறிதளவே.

அப்படியானால் இந்த எண்ணை அலட்சியம் செய்யலாமா? கூடாது. ஈரல் கொழுப்பு நோயுள்ள 628 பேரின் ஈரல் திசுவைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. ஃபெரிட்டின் ஆண்களில் 450-க்கு மேலும் பெண்களில் 300-க்கு மேலும் இருந்தவர்களுக்கு அழற்சியும் தழும்பும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே நம் நண்பரின் தாளில் இருந்த 640 பொய்யான எண் அல்ல. அதற்குச் சொல்லப்பட்ட அர்த்தமே தவறு. "கீரையை நிறுத்து" என்று அது சொல்லவில்லை. "உன் ஈரலைப் பார்" என்று சொல்லிற்று.

இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்

உண்மையாகவே இரும்பு கூடியிருக்கிறதா என்று அறிய இன்னொரு எளிய பரிசோதனை உண்டு. களஞ்சியத்திலிருந்து நெல்லை ஏற்றிச் செல்லும் வண்டிகள் போல, இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயர். வண்டிகளில் உள்ள இடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கணக்கிடுவதே டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதம். இரத்தத்தில் உள்ள இரும்பின் அளவை, மொத்த இரும்பு ஏற்கும் திறனால் வகுத்து, நூறால் பெருக்கினால் போதும். பொதுவாக இது 20 முதல் 45 சதவீதத்துக்குள் இருக்கும்.

நம் நண்பருக்கு இரத்த இரும்பு 92. ஏற்கும் திறன் 310. கணக்குப் பார்த்தால் 30 சதவீதம். வண்டிகள் நிரம்பி வழியவில்லை. அவருக்கு இரும்புப் பெருக்க நோய் இருப்பதற்கான அடையாளம் இல்லை.

இந்த விகிதம் 45-ஐத் தாண்டி, ஃபெரிட்டினும் உயர்ந்திருந்தால் காரியம் வேறு. அப்போது பரம்பரையாக வரும் இரும்புப் பெருக்க நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் காரணமான முக்கிய மரபணு 1996-ல் கண்டறியப்பட்டது. வட ஐரோப்பிய வம்சத்தாரிடம் பரவலாகக் காணப்படும் அந்த மரபணு மாற்றம் இந்தியரிடம் மிகமிக அரிது. ஆனால் தலசீமியா போன்ற இரத்த வியாதிகளாலும், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டதாலும் நம்மவருக்கும் இரும்பு மிதமிஞ்சிச் சேரக்கூடும். எனவே விகிதம் 45-க்கு மேல் என்றாலும், ஃபெரிட்டின் 1,000-க்கு மேல் என்றாலும், தாமதியாமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

அந்த அம்மாளுக்கு நேர்ந்தது

இனி மனைவியின் தாளைப் பார்ப்போம். ஃபெரிட்டின் 48. ஆனால் ஹீமோகுளோபின் 8.6 கிராம்தான். பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. மாத்திரையை நிறுத்துமுன் 9.1 இருந்தது மேலும் இறங்கியிருந்தது. இரத்த இரும்பு 38, ஏற்கும் திறன் 420. விகிதம் 9 சதவீதம். நூறு இடங்களில் 91 காலி! சரீரம் இரும்புக்குப் பசித்து மேலும் மேலும் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

பின் ஏன் ஃபெரிட்டின் 48 என்று சரியாகக் காட்டியது? அவருக்கும் சர்க்கரை வியாதியும் ஈரல் கொழுப்பும் இருந்தன. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் உயர்ந்திருந்தது. அழற்சி இல்லாதிருந்தால் 15-க்குக் கீழே போயிருக்கக்கூடிய எண்ணை, அழற்சி உயர்த்திப் பிடித்திருந்தது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே என்றாலே குறைவு என்றும் சொல்லியிருக்கிறது.

பிரியமான நண்பர்களே, இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருக்கிறது. இந்தியா முழுவதும் 57 சதவீதம். கணவரின் தாளில் இரும்பு கூடியிருப்பதாக எண்ணி, மனைவிக்கோ மகளுக்கோ உரிய மாத்திரையை நிறுத்துவது அவர்களுக்குப் பெரிய தீங்காக முடியும். ஒரே அடுப்பில் சமைத்தாலும் இருவர் இரத்தம் ஒன்றல்ல. மாதந்தோறும் இரத்தம் இழக்கிறவருடைய கணக்கு வேறு.

அந்த அம்மாளுக்கு மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதோடு, மாதவிடாய்ப் போக்கு அதிகமாயிருப்பதற்கான காரணத்தையும் தேடி வைத்தியம் செய்தோம். மாத்திரையையோ சாப்பாட்டையோ தொட்டுத் தேநீர் குடிக்கும் வழக்கத்தையும் விடச் சொன்னோம். தேயிலை, உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும்.

இரத்தம் எடுத்தால் ஈரல் குணமாகுமா?

இது நண்பர் கேட்ட கேள்வி. இரத்தம் எடுத்தால் சேமிப்பிலுள்ள இரும்பு குறையும் என்பது உண்மை. பரம்பரை இரும்புப் பெருக்க நோய்க்கு அதுவே சிகிச்சை. ஈரல் கொழுப்புக்கும் அது உதவுமா என்று ஆஸ்திரேலியாவில் 74 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆறு மாதங்கள் கழித்து, இரத்தம் எடுக்கப்பட்டவர்களுக்கும் எடுக்கப்படாதவர்களுக்கும் ஈரல் கொழுப்பிலும், ஈரல் பரிசோதனை எண்ணிலும், இன்சுலின் செயலிலும் வித்தியாசம் காணப்படவில்லை. 2015-ல் இம்முடிவு வெளியானது. இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வுகளில் ஓரளவு நன்மை தெரிந்தாலும், எல்லாருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு அது போதாது.

ஆகவே நண்பருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: தகுதியிருந்தால் தாராளமாக இரத்த தானம் செய்யுங்கள். பிறர் உயிர் காக்க அது தேவை. ஆனால் உங்கள் ஈரலுக்கு வைத்தியம் என்று எண்ணிச் செய்யாதீர்கள்.

எது உதவும்?

உடல் எடையைக் குறைப்பதே. கியூபா நாட்டில் 293 நோயாளிகள் ஓராண்டு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டார்கள். முன்னும் பின்னும் ஈரல் திசு பரிசோதிக்கப்பட்டது. 2015-ல் வெளியான அந்த ஆய்வில், எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி நீங்கியிருந்தது. அவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பே குறைந்திருந்தது. அவ்வளவு குறைத்தவர்கள் சிலரே என்றாலும், நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தவர்களும் பயன் கண்டார்கள்.

நம் வீடுகளில் இதைச் செய்ய விலையுயர்ந்த டானிக் ஒன்றும் வேண்டாம். தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியையும் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். சர்க்கரை போட்ட பானங்களையும், கேக், முறுக்கு, அதிரசம் போன்ற பலகாரங்களையும் பண்டிகை நாளோடு நிறுத்துங்கள். மதுவை அறவே விடுங்கள். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். முருங்கைக்கீரை உங்கள் ஈரலுக்குச் சத்துரு அல்ல. கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கே சரீரத்தில் சேருகிறது. அதே சமயம், இரத்தக் குறைவு இல்லாதவர்கள் "பலத்துக்காக" என்று இரும்பு டானிக் வாங்கிக் குடிப்பதும் வேண்டாம்.

உங்கள் கையிலும் இப்படி ஒரு தாள் இருந்தால்

1. காய்ச்சலோ சளியோ இருந்தபோது எடுத்த பரிசோதனையா என்று பாருங்கள். அப்படியானால் சுகமான பின்பு சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

2. டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதத்தையும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

3. ஈரல் பரிசோதனை, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். மது அருந்துகிறவரானால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

4. ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று கேளுங்கள். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3-க்குக் கீழே என்றால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே என்றால் அடுத்த பரிசோதனை தேவை. வயது 65-ஐக் கடந்தவர்களுக்கு இந்த எல்லை சற்று உயர்வு.

5. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை, அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நம் நண்பருக்கு ஃபிப்-4 கணக்கு 1.2 என்று வந்தது. அவர் 82 கிலோ எடையோடு எங்களிடம் வந்தார். ஆறு மாதங்கள் கழித்து வந்தபோது 76. ஃபெரிட்டின் 390-க்கு இறங்கியிருந்தது. எஸ்.ஜி.பி.டி.யும் குறைந்திருந்தது. முற்றிலும் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கிலோ குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அம்மாளுக்கு ஹீமோகுளோபின் 11.7. எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி அன்று வேலை செய்யவில்லை. அவர்கள் படியேறித்தான் வந்தார்கள்.

"தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்" என்றார் அந்த அம்மாள். "தோசையை மட்டும் எண்ணித்தான் போடுகிறேன்."

அன்புடன்,
உங்கள் மருத்துவமனைக் குழுவினர்